அம்மா எப்போ சாப்பிடுறாங்க?

பேரண்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்கிட்ட வர்ற கேள்வியில பாதி சாப்பாட்டைப் பத்திதான் இருக்கும். "மிஸ், காய்ன்னா தொடவே மாட்டேங்குறான், நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் சொல்லுங்க மிஸ்." "கீரையைப் பாத்தாலே ஓடுறா." "முட்டையில வெள்ளைய மட்டும் திங்கிறான், மஞ்சக்கரு அப்படியே கெடக்கு." நான் வேலை பாக்குறது மதுரையில ஒரு உதவிபெறும் ஸ்கூல்ல, பாதிப் பிள்ளைங்க சத்துணவு, மீதிப் பேரு வீட்ல இருந்து டிபன் கொண்டு வருவாங்க, மத்தியானம் நானும் அவங்ககூடவே தரையில உக்காந்துதான் சாப்பிடுவேன், இப்படி வருஷக்கணக்கா டிபன் பாக்ஸ் தொறக்குறதையும் மூடுறதையும் பாத்துப் பாத்து எனக்குள்ள ஒரு எண்ணம் கெட்டியாயிருச்சு. அதனால யாராச்சும் இப்படிக் கேட்டா உடனே பதில் சொல்றதில்ல, திருப்பி ஒண்ணு கேப்பேன். உங்க வீட்ல யாரு எப்போ, எங்க உக்காந்து சாப்பிடுறீங்க?

பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். பிள்ளைக்கு ஏழு, ஏழரைக்கே ஊட்டி முடிச்சிருவாங்க, பெரும்பாலும் போனை முன்னாடி வச்சு. மாமனார் டிவி பாத்துக்கிட்டே சாப்பிடுவாரு. வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வர ஒம்பதரை ஆகும், அவருக்கு தோசை சூடா ஊத்தணும். அத்தைக்குப் போட்டு, பாத்திரம் ஒதுக்கி, அடுப்பு தொடச்சு, எல்லாம் முடிச்சு அந்த அம்மா சமையக்கட்டுல நின்னுக்கிட்டே மிச்சம் இருக்குற பொரியலையும் கீரையையும் வழிச்சு சாப்பிட்டுட்டுப் படுக்கும்போது பத்து பத்தரை. பிள்ளை தூங்கி ரொம்ப நேரம் ஆயிருக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்த வீட்ல தினமும் கீரை சாப்பிடுற ஆளு யாரு? அம்மாதான். வெண்டைக்காய், புடலங்காய், பூசணிக்காய்னு மீந்ததெல்லாம் யார் வயித்துக்குப் போகுது? அம்மா வயித்துக்குத்தான். அந்த அம்மா சாப்பிடுறதை அந்தப் பிள்ளை பாக்குறதே இல்ல. பிள்ளை கண்ணு முன்னாடி சாப்பிடுற மத்தவங்க எல்லாரும் காயை ஒதுக்குறவங்களா இருக்காங்க, இல்லன்னா என்ன சாப்பிடுறோம்னே தெரியாம ஸ்கிரீனைப் பாத்துட்டு சாப்பிடுறவங்களா இருக்காங்க. பிள்ளை காய் சாப்பிடலன்னு கவலைப்படுற வீட்ல, பிள்ளை யாரைப் பாத்துக் கத்துக்கணும்னு நாம எதிர்பாக்குறோம்?

என் கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான். சாப்பிட உக்காந்தா முதல் வேலை சுத்தம் பண்றதுதான். டிபன் பாக்ஸ் மூடியைத் திருப்பிப் போட்டு இடது பக்கம் வச்சுக்குவான், சாதத்துல இருக்குற கறிவேப்பிலை, கடுகு, வெங்காயம், தக்காளித் தோலு வரைக்கும் ரெண்டு விரலால எடுத்து அந்த மூடியோட விளிம்புல வரிசையா அடுக்குவான். அவ்வளவு பொறுமை அந்த வயசுப் பிள்ளைக்கு வேற எதுலயும் வராது. எல்லாம் எடுத்து முடிச்சப்புறம்தான் முதல் வாய். ஆண்டு விழா முடிஞ்சு எல்லாருக்கும் பந்தி போட்டோம், அவங்கப்பா எனக்கு நேர் எதிர்ல உக்காந்தாரு. சாம்பார் ஊத்துனதும் இலையோட இடது ஓரத்துல கறிவேப்பிலை, மல்லித்தழை, முருங்கைக்காய், கத்தரிக்காய்னு வரிசையா ஏறிருச்சு, அதே ரெண்டு விரல், அதே நிதானம். பக்கத்துல பையன் அதையேதான் பண்ணிட்டு இருந்தான். அந்த அப்பா பாவம், மகனுக்கு ஒரு நாளும் "காய் சாப்பிடாத"ன்னு சொல்லியிருக்க மாட்டாரு. சாப்பிடுன்னுதான் சொல்லியிருப்பாரு.

இதை ஆராய்ச்சி பண்ணியும் பாத்திருக்காங்க. 1975ல ஹார்ப்பர், சாண்டர்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சின்னப் பிள்ளைங்களுக்குப் பழக்கமில்லாத பண்டத்தைக் குடுத்துப் பாத்தாங்க. பெரியவங்க சும்மா நீட்டுனா எடுக்காத பிள்ளைங்க, அந்தப் பெரியவங்களும் கூட சேந்து சாப்பிட்டப்போ நிறைய பேரு எடுத்து வாயில வச்சுச்சுங்க, அதுலயும் வேத்து ஆளை விட அம்மா சாப்பிட்டுக் காட்டுனப்போ இன்னும் அதிகம். 2005ல எல்சா அடெஸ்ஸின்னு ஒரு இத்தாலிக்காரங்களும் அவங்ககூட இருந்தவங்களும் இன்னும் நுணுக்கமா பாத்தாங்க. 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க, பக்கத்துல ஒரு பெரியவர். ஒரு தடவை அவர் சும்மா உக்காந்திருப்பாரு, ஒரு தடவை வேற கலர் சாப்பாட்டைச் சாப்பிடுவாரு, இன்னொரு தடவை பிள்ளை தட்டுல இருக்குற அதே கலர் சாப்பாட்டைச் சாப்பிடுவாரு. அதே சாப்பாட்டை அவர் சாப்பிட்டப்போதான் பிள்ளைங்க நல்லா சாப்பிட்டுச்சுங்க. பக்கத்துல உக்காந்தா மட்டும் பத்தாது, நாம ஒண்ணு பிள்ளை ஒண்ணுன்னு சாப்பிட்டாலும் பத்தாது, ஒரே பண்டம் ரெண்டு பேரு தட்டுலயும் இருக்கணும்.

சொல்லப்போனா கதை பிரசவத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருது. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல மோனெல்னு வாசனை, ருசி பத்தி மட்டுமே ஆராயுற நிறுவனம் ஒண்ணு இருக்கு. அங்க ஜூலி மென்னெல்லாங்கிறவங்க 2001ல வெளியிட்ட ஆய்வுல, மாசமா இருந்தவங்கள்ல ஒரு குரூப்புக்குக் கடைசி மூணு மாசத்துல வாரத்துக்கு 4 நாள், ஒரு நாளைக்கு 300 மில்லி கேரட் ஜூஸ்னு 3 வாரம் குடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்குப் பால் குடுக்குற காலத்துல அதே அளவு, மூணாவது குரூப்புக்கு வெறும் தண்ணி. அப்புறம் அந்தக் குழந்தைங்க திட உணவு திங்க ஆரம்பிச்சப்போ கேரட் வாசனை உள்ள கூழைக் குடுத்துப் பாத்தா, வயித்துல இருந்தப்பவோ பால்லயோ அந்த ருசி ஏற்கனவே தெரிஞ்ச குழந்தைங்க முகம் சுளிக்கிறது குறைவா இருந்துச்சு. இதே மென்னெல்லா அதுக்கும் முன்னாடி, 1991ல, பூண்டு மாத்திரை சாப்பிட்ட அம்மாக்களோட பால்ல பூண்டு வாசனை இறங்குறதையும், அந்தக் குழந்தைங்க பால் குடிக்கிற நேரம் கூடுறதையும் காட்டியிருக்காங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர்ப் பிரசவ வீடுதான் ஞாபகம் வந்துச்சு. பிள்ளை பெத்தவளுக்கு உரிச்ச பூண்டை நல்லெண்ணெயில வதக்கி வதக்கிப் போடுவாங்க, பூண்டுக் குழம்பு, மிளகுக் குழம்பு, பால்சுறா புட்டு, பெருங்காயம், சுக்கு. பால் நல்லா ஊறும்னுதான் அதைச் செய்வாங்க, ஆனா அந்தப் பால் வழியா குழம்பு வாசனையும் சேந்து பிள்ளைக்குப் போயிட்டு இருந்திருக்கு, நம்ம வீட்டு ருசி பிள்ளைக்கு அப்பவே அறிமுகம் ஆயிருது. இப்ப என்னன்னா நிறைய வீட்ல பால் குடுக்குற அம்மாவுக்கு ஒரே பத்தியம், கத்தரிக்காய் ஆகாது, பரங்கி குளிர்ச்சி, கீரை ராத்திரி கூடாது, பழம் சளி, கடைசியில அவ சாப்பிடுறது பருப்பு இல்லாத ரசமும் பிரட்டும். டாக்டர் சொன்னா சரி. யாரோ சொன்னாங்கன்னு மாசக்கணக்கா இப்படி வச்சிருக்கிறதைப் பாத்தா எனக்கு மனசு ஆறாது, அம்மாவுக்கும் சத்து போச்சு, பிள்ளைக்கும் அந்த ருசியெல்லாம் அறிமுகம் இல்லாமப் போச்சு.

அப்புறம் ஆறு மாசம் முடிஞ்சு சோறு ஊட்ட ஆரம்பிக்கிறோம். இங்கதான் வீட்ல ரெண்டு சமையல் ஆரம்பிக்குது. பாப்பாவுக்குத் தனியா பருப்பு சாதம், நெய், உருளைக்கிழங்கு. அதையும் மிக்ஸியில நல்லா மையா அரைச்சு. முதல் ஒரு மாசத்துக்கு அது சரி, ஆனா ஒண்ணரை வயசு, ரெண்டு வயசு வரைக்கும் அரைச்சே குடுக்குற வீடு எனக்குத் தெரியும். தொண்டையில சிக்கிரும்னு பயம். இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் ஆயிரக்கணக்கான குழந்தைங்களைப் பொறந்ததுல இருந்து தொடர்ந்து கவனிச்ச ஒரு பெரிய ஆய்வுல, 9 மாசத்துக்கு அப்புறமா லேட்டா கட்டி சாப்பாட்டுக்கு வந்த குழந்தைங்க 7 வயசுல காய் பழம் எல்லாம் கம்மியா சாப்பிட்டுச்சுங்கன்னு தெரிய வந்துச்சு. மெல்லுறதும் பழகித்தான் வரணும். அவரைக்காயோட நாரு, வெண்டைக்காயோட வழவழப்பு, கீரைத்தண்டு வாயில சிக்குறது, இதெல்லாம் அந்த வயசுல நாக்குக்குத் தெரியாமப் போனா நாலு வயசுல தெரியும்போது அது அந்நியமா இருக்கு, துப்பிருது. ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் புதுசா எதைப் பாத்தாலும் பிள்ளைங்க பயப்படுறது இயல்புன்னும் சொல்றாங்க, அதனால அதுக்கு முன்னாடி எவ்வளவு அறிமுகம் பண்ணி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

எனக்கு சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டு கிராமம். பிள்ளைங்களுக்குன்னு தனிச் சமையல் எங்க ஆச்சிக்குத் தெரியாது. லீவுக்குப் பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்துட்டோம்னா ராத்திரி திண்ணையில வட்டமா உக்கார வச்சிருவா. நடுவுல பெரிய கும்பா. சோத்தைப் போட்டு அன்னிக்கு என்ன குழம்போ அதை ஊத்துவா, சுண்டவத்தக் குழம்பா இருக்கும், பாகக்காய் புளிக்குழம்பா இருக்கும், கருவாட்டுக் குழம்பா இருக்கும், முருங்கைக்கீரையை ஒரு கை அள்ளி அதுலயே போட்டுப் பிசைவா. பிசையுறதும் சும்மா இல்ல, அடியில இருந்து உள்ளங்கையால அழுத்தி, சோறும் கீரையும் ஒண்ணாகுற வரைக்கும். அப்புறம் உருண்டை. சின்னவனுக்குச் சின்ன உருண்டை, பெரியவனுக்குப் பெரிய உருண்டை, நீட்டுற கையில வச்சுக்கிட்டே வருவா, ஒரு சுத்து முடிஞ்சா அவ ஒரு உருண்டை எடுத்து வாயில போட்டுக்குவா, அடுத்த சுத்து ஆரம்பம். உருண்டை நடுவுல கட்டை விரலால ஒரு குழி, அதுல கொஞ்சம் குழம்பு. கசக்குதுன்னு யாராச்சும் மூஞ்சியைச் சுளிச்சா ஆச்சி அதைக் கண்டுக்கவே மாட்டா, "சரி, அடுத்த உருண்டை வேணுமா வேண்டாமா"ன்னு மட்டும் கேப்பா, வேண்டாம்னா கை அடுத்த ஆளுக்குப் போயிரும். எனக்குச் சுண்டைவத்தல் பிடிச்சது அந்தத் திண்ணையிலதான். கசப்புதான், நாக்கு ஏத்துக்காத கசப்பு, ஆனா பக்கத்துல எல்லாரும் அதைத் திங்கிறாங்க, ஆச்சியும் திங்கிறா, நமக்கு மட்டும் என்னன்னு இருக்கும்.

பிறவியிலயே பிள்ளைங்களுக்கு இனிப்பு பிடிக்கும், கசப்பு பிடிக்காது, அது எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொது. மிச்சமெல்லாம் பழகுறதுதான். காரத்தை எடுத்துக்கோங்களேன், மொளகா நம்ம நாட்டுக்கே வந்தது 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் காலத்துலதான், ஆனா இன்னிக்கு மதுரைக்காரனுக்குக் காரம் இல்லாத சட்னி இறங்காது. அந்த மொளகாவோட தாயகமான மெக்சிகோவுல ஒரு மலைக் கிராமத்துக்குப் போயி பால் ரோசின்னு ஒரு உளவியல் அறிஞர் 1980 வாக்குல பாத்தாரு, பிள்ளைங்க எப்படிக் காரத்துக்குப் பழகுதுன்னு. யாரும் வற்புறுத்தல, பரிசு குடுக்கல. வீட்ல பெரியவங்க தினமும் ஆசையா சாப்பிடுறாங்க, பிள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வைக்கிறாங்க, அஞ்சு வயசுல இருந்து எட்டு வயசுக்குள்ள அதுவே கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பிச்சிருது. வாயெல்லாம் எரியுற ஒரு பண்டத்தையே வீடு இப்படிப் பழக்கிருதுன்னா அவரைக்காய்ப் பொரியலைப் பழக்க முடியாதா என்ன.

ஆனா நாம பண்றது நேர் எதிர். "இன்னும் மூணே வாய்", "இந்தத் தட்டைக் காலி பண்ணு, சாக்லேட் தர்றேன்", "காய் தின்னாதான் போன்". அமெரிக்காவுல லியான் பர்ச்னு ஒரு பேராசிரியர் இதையே வாழ்நாள் வேலையா ஆராய்ஞ்சாங்க. இதைக் குடிச்சா அது தர்றேன்னு பேரம் பேசிக் குடிக்க வச்ச பானத்தைப் பிள்ளைங்க முன்ன விட வெறுக்க ஆரம்பிச்சுச்சுங்க, பரிசா குடுத்த பண்டத்தோட மவுசு ஏறிருச்சு. அவங்க பங்கெடுத்த இன்னொரு ஆய்வு, 2006ல வந்தது, பிள்ளைங்ககிட்ட சூப்பைக் குடிச்சு முடி, முடின்னு சொல்லிப் பாத்தாங்க, சொல்லாமலும் விட்டுப் பாத்தாங்க, சொல்லாம விட்டப்போதான் அதிகமா குடிச்சுச்சுங்க. சாக்லேட்டுக்காகக் காய் தின்ன பிள்ளைக்குப் புரியுறது ஒண்ணே ஒண்ணுதான், காய் கஷ்டமான வேலை, சாக்லேட் கூலி. எலின் சாட்டர்னு ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் சொல்ற வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது: என்ன சாப்பாடு, எப்போ, எங்கன்னு முடிவு பண்றது பெரியவங்க வேலை, அதுல எவ்வளவு சாப்பிடணும், சாப்பிடணுமா வேண்டாமாங்கிறது பிள்ளையோட வேலை. எங்க ஆச்சி கேட்டதும் அதேதான்.

போனைக் காட்டி ஊட்டுறதைப் பத்தி நிறைய பேரு எழுதிட்டாங்க, நான் நீட்டல. வயிறு நிறைஞ்சிருச்சுன்னு பிள்ளைக்குத் தெரியாமப் போறது ஒரு நஷ்டம். நான் பெரிய நஷ்டமா நினைக்கிறது வேற, எதிர்ல உக்காந்து சாப்பிடுற மனுஷ முகத்தைப் பாக்குறதுக்குப் பதிலா அது கார்ட்டூனைப் பாத்துட்டு இருக்கு.

இதுல அம்மாக்களைக் குத்தம் சொல்றேன்னு யாரும் நினைச்சிராதீங்க, எனக்குக் கோவமே அங்கதான். பிள்ளை இளைச்சிருந்தா அம்மாவைக் கேப்பாங்க, குண்டா இருந்தா அம்மாவைக் கேப்பாங்க, ஆனா வீட்ல என்ன சமைக்கிறதுங்கிறதை முடிவு பண்றது பெரும்பாலும் அம்மாவோட நாக்கு இல்ல. "அவருக்குப் பூசணிக்காய் பிடிக்காது, அதனால வாங்குறதே இல்ல." "மாமாவுக்குக் கீரை ஒத்துக்காது." "பெரியவன் பீர்க்கங்காய் தொட மாட்டான்." ஒரு வீட்ல ஆம்பளைங்க ஒதுக்குன காயையெல்லாம் கழிச்சுப் பாத்தா மிச்சம் இருக்குறது உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ்தான். அந்தம்மாவுக்குப் பூசணிக்காய் உசுரா இருக்கும், கல்யாணம் ஆன நாள்ல இருந்து தனக்குன்னு ஒரு நாள் வாங்கியிருக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட வீட்ல வளர்ற பிள்ளை பூசணிக்காயை முதல்ல பாக்குறதே யாராச்சும் கல்யாணப் பந்தியிலதான், அங்க போயி "ஏன்டா சாப்பிட மாட்டேங்குற"ன்னா அது என்ன பண்ணும்.

கடைசியா சாப்பிடுற பழக்கத்துனால வர்ற இன்னொரு சேதமும் இருக்கு. மீன் வச்சா நல்ல துண்டெல்லாம் போயிரும், அம்மாவுக்குக் குழம்பும் தலையும். முட்டை எண்ணி அவிச்சா அவங்களுக்கு இருக்காது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள்ல 57 சதவீதம் ரத்தசோகை. ரத்தசோகைக்குக் காரணம் நிறைய, எல்லாத்தையும் இதுலயே கட்ட முடியாது. ஆனா அம்மா தட்டுலயும் பிள்ளை தட்டுலயும் ஒரே நேரத்துல முட்டையும் கீரையும் விழுந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே.

சாயங்காலத் தீனியும் இதே கதைதான். வீட்டுக்குள்ள என்ன வாங்கி வைக்கிறோமோ அதைத்தான் பிள்ளை திங்கும். அலமாரியில பெரியவங்களுக்குன்னு மிக்சர் பாக்கெட்டை வச்சுட்டு பிள்ளைகிட்ட பழம் சாப்பிடுன்னா நடக்காது. ஒளிச்சு வைக்கிறதும் வேலைக்காகாது, பர்ச்சும் அவங்க மாணவி ஜெனிபர் பிஷரும் 1999ல வெளியிட்ட ஆய்வுல, ஜாடியில வச்சு எப்பவாச்சும் மட்டும் எடுக்கலாம்னு தடுத்து வச்ச பண்டத்தைப் பத்தியேதான் பிள்ளைங்க பேசிட்டு இருந்துச்சுங்க. அதனால வாங்காம இருக்குறதுதான் வழி, இல்லன்னா எல்லாருமே அளவா சேந்து சாப்பிடுறது. எங்களுக்கெல்லாம் ஸ்கூல் விட்டு வந்தா அவிச்ச தட்டாம்பயறு, பனங்கிழங்கு, இல்லன்னா ரெண்டு கடலைமிட்டாய் (2020ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே கோவில்பட்டி கடலைமிட்டாய்தான்). அதுவும் இனிப்புதான், ஆனா அதுல வெல்லத்தை விட கடலைதான் அதிகமா இருந்துச்சு, பெரியவங்களும் அதையேதான் டீயோட கடிச்சாங்க.

பால்ல கலக்குற சாக்லேட் பவுடர் பத்தி ஒரு வார்த்தை. சத்து பானம்னு நம்பி ரெண்டு வேளையும் குடுக்குறவங்க நிறைய. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே இந்த மாதிரிப் பானங்களை ஹெல்த் டிரிங்க்னு போட்டு ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, ஏன்னா உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது. டப்பா பின்னாடி சர்க்கரை எவ்வளவுன்னு படிச்சுப் பாருங்க. அதோட நீங்க உங்க காப்பியில போடுற சர்க்கரையையும் பாருங்க, பிள்ளை அதையும் பாத்துட்டுத்தான் இருக்கு.

ஸ்கூல்ல நான் பாக்குற சந்தோஷமான விஷயத்தையும் சொல்லணும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எங்க மதுரையிலதான் தொடங்குச்சு, 2025 ஆகஸ்ட்ல டவுன்ல இருக்குற உதவிபெறும் ஸ்கூலுக்கும் வந்துச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட காய் போட்ட சாம்பார். வீட்ல உப்புமான்னா அழுவுற பிள்ளை இங்க வரிசையில உக்காந்து ரெண்டாவது தடவை தட்டை நீட்டுது. அம்மாக்கள் நம்ப மாட்டாங்க, "எம்புள்ளையா மிஸ்?"னு கேப்பாங்க. பர்ச் 1980லயே இதைக் காட்டியிருக்காங்க, தனக்குப் பிடிக்காத காயைப் பிடிக்கும்னு சொல்ற பிள்ளைங்க நடுவுல ஒரு பிள்ளையை உக்கார வச்சா சில நாள்லயே அதுவும் அந்தக் காயை எடுக்க ஆரம்பிச்சிருது. முப்பது பிள்ளைங்க ஒண்ணா உக்காந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுறதுல இருக்குற பலம் அது. அதுலயும் டீச்சர் நாற்காலியில உக்காந்து மேற்பார்வை பாக்குற நாளைவிட நானும் ஒரு தட்டு வாங்கிட்டு நடுவுல உக்கார்ற நாள்ல சாம்பார்ல இருக்குற காய் தரையில விழுறது குறையுது, இதை நான் கண்ணால பாக்குறேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. சில பிள்ளைங்களுக்குக் கசப்பு மத்தவங்களை விட பல மடங்கு உறைக்கும், அது மரபணுவுலயே இருக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க சிலருக்குச் சில பண்டத்தோட பதமே தாங்க முடியாது. எடை ஏறாம இருக்கு, நாலஞ்சு பண்டத்தைத் தவிர எதையும் தொடல, விழுங்கவே சிரமப்படுதுன்னா டாக்டர்கிட்டதான் போகணும். அதே மாதிரி மூணு வேளையும் குடும்பமா உக்காரணும்னு நான் சொல்லல, ஷிப்ட் வேலைக்குப் போறவங்களுக்கு அது முடியாது. ஒரு வேளை போதும். எங்க வீட்ல ராத்திரி சாப்பாட்டை முன்னாடி தள்ளிட்டோம், பாத்திரத்தையெல்லாம் நடுவுல கொண்டு வந்து வச்சிட்டு எல்லாரும் கீழ உக்காந்துருவோம், வேணுங்கிறதை அவங்கவங்க எடுத்துப் போட்டுக்கணும், பரிமாறுறதுக்குன்னு ஒருத்தர் நிக்கிற பழக்கம் கிடையாது. எங்க அத்தைக்கு ஆரம்பத்துல இது மனசுக்கு ஒப்பல, "ஆம்பளைங்க சாப்பிட்டப்புறம் நாம சாப்பிடுவோம்மா"ன்னாங்க. "நீங்க உக்காந்தாதான் பாப்பா சாப்பிடுவா அத்தை"ன்னு சொன்னேன், பேத்திக்காக உக்காந்தாங்க. இப்ப முதல்ல தட்டை எடுக்குறதே அவங்கதான்.

பீர்க்கங்காயோ கொத்தவரங்காயோ பிள்ளைக்குப் புதுசுன்னா ஒரு ஸ்பூனுக்கு மேல வைக்காதீங்க. தொடலன்னா விட்டுருங்க, மூணு நாலு நாள் கழிச்சு மறுபடி வைங்க. 8ல இருந்து 15 தடவை வரைக்கும் ஆகலாம்னு சொல்றாங்க, நம்ம ஆளுங்க ரெண்டாவது தடவையிலயே இவனுக்குப் பிடிக்காதுன்னு முடிவு கட்டி அதைப் பிள்ளை காதுபடச் சொந்தக்காரங்ககிட்டயும் சொல்லிருவாங்க, அப்புறம் பிள்ளையும் அதையே பிடிச்சுக்கும். அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள், உங்களுக்குப் பிடிக்காத காயா இருந்தாலும் ரெண்டு துண்டு எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க, பேசவே வேண்டாம், சாப்பிட்டாப் போதும்.

பாகக்காய்ல ஆரம்பிக்கணும்னு ஆசைப்பட்டா பெருசு வாங்காதீங்க, மிதிபாகல் வாங்குங்க, குட்டி குட்டியா இருக்கும். ரெண்டா கீறி விதையை எடுத்துட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறிக் கொஞ்ச நேரம் வச்சுட்டு, நல்லெண்ணெயில சின்ன வெங்காயம், பூண்டோட நல்லா சுருள வதக்கி, புளித்தண்ணியும் மொளகாப்பொடியும் போட்டு, கடைசியில ஒரு துண்டு வெல்லம். எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் அடுப்பை எரிய விடுங்க. சுடுசோத்துல முதல் நாளை விட அடுத்த நாள் நல்லா இருக்கும், அதனால கொஞ்சம் கூடவே வச்சுக்கோங்க.